போலி இரை செய்வோம், அடுப்படியில் வேண்டாம்

வலை வீசுகிறவனுக்கு இரை வேண்டியதில்லை. தூண்டில் போடுகிறவனுக்கோ நாள்தோறும் இரை வேண்டும். திருகோணமலை உட்துறைமுகக் கரையிலும் கொட்டியாரக் குடாவின் ஓரங்களிலும் மாலை வேளைகளில் தங்கூசி நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பவர்களில் பலர் பரம்பரைக் கடற்றொழிலாளர் அல்லர். வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்த விவசாயிகள். அவர்கள் எம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். காசு கொடுத்து இறாலும் கீரி மீனும் வாங்கித் தூண்டிலில் குத்துகிறோம், சில நாட்களில் ஒன்றுமே படுவதில்லை, அந்த இறாலைக் கறியாக்கியிருந்தாலாவது பிள்ளைகள் ஒரு நேரம் சோற்றோடு தின்றிருப்பார்கள் என்கிறார்கள். நியாயமான கணக்கு. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடலாகாது என்று வளர்ந்தவர்களுக்கு, சாப்பாட்டைத் தண்ணீரில் எறிவதும் மனதுக்கு ஒவ்வாத காரியமே.

இதற்கு மாற்றாக, கடைகளில் பல நிறங்களில் தொங்கும் ‘இறப்பர் மீன்’களை இளைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒன்றை வாங்கினால் பல நாட்களுக்குப் போதும், அழுகாது, நாறாது. ஆனால் பாறையில் சிக்கி அறுந்தால் காசு போய்விடும். எனவே, இதை நாமே வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறார்கள்.

செய்யலாம். எதை வைத்துச் செய்வது, எங்கே வைத்துச் செய்வது என்பதில்தான் விடயம் இருக்கிறது. பழைய செருப்பையும் பி.வி.சி. குழாய்த் துண்டையும் தகரப் பேணியில் போட்டு, சமைக்கும் அடுப்பிலேயே வைத்து உருக்கிப் பார்க்கும் முயற்சிகள் அங்கங்கே நடக்கின்றன. அதுவும் ஒற்றை அறை வீட்டில், கைக்குழந்தை படுத்திருக்கும் பாய்க்கு இரண்டு முழம் தள்ளி. அந்தப் புகை எத்தகையது என்பதை எடுத்துச் சொல்லவும், அந்தப் புகை இல்லாமலே இரை செய்யும் வழிகளைக் காட்டவுமே இக்கட்டுரை.

வயல் அறிந்தவர் கரைக்கு வந்த கதை

எமது வாசகர்களுக்கு இடப்பெயர்வின் வரலாற்றை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2006இல் சம்பூரையும் மூதூர் கிழக்கின் ஏனைய ஊர்களையும் விட்டு வெளியேறி, மட்டக்களப்புக்கும் பின்னர் கிளிவெட்டி முதலான முகாம்களுக்கும் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். சம்பூரில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது பலர் திரும்பிப் போனார்கள். போனவர்களும் பத்து வருடம் கிடந்த நிலத்தைத் திருத்தி, கிணறு இறைத்து, வரம்பு கட்டி முதல் வெள்ளாமை காணும்வரை எதையாவது தின்று உயிர் வாழ வேண்டியிருந்தது. பாலையூற்றிலும் அதன் அயலிலும் தங்கிவிட்டவர்கள் கூலி வேலையை நம்பியிருக்கிறார்கள். கூலி இல்லாத நாளில் கடற்கரைதான்.

இன்னொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரையோரமெங்கும் படகுகள் தானமாக வந்து குவிந்தன. தொழில் தெரிந்தவருக்கும் கிடைத்தது, தெரியாதவருக்கும் கிடைத்தது. படகைக் கொடுத்தவர்கள் அதற்கு எண்ணெய் வார்க்க வரவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, இயந்திரப் படகு வைத்திருந்தவர்களே கரையில் உட்கார நேர்ந்தது. கைத்தூண்டிலுக்கு எண்ணெய் வேண்டாம். அதனாலேயே அந்தச் சிறிய கருவியை நாம் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

நற்செய்தி நூல்களில் வலை பல தடவை வருகிறது. தூண்டில் வருவது ஒரே ஒரு இடத்தில்தான்: கோவில் வரி செலுத்தக் காசில்லாத நேரத்தில் பேதுருவைக் கடலுக்கு அனுப்பித் தூண்டில் போடச் சொல்லும் இடம் (மத்தேயு 17). பேதுரு என்ன இரை குத்தினார் என்பதை மத்தேயு எழுதாமல் விட்டுவிட்டார். எமது ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்!

போலி இரை புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. சூரை மீனுக்கு வெண்ணிறச் சேவல் இறகைத் தூண்டிலில் கட்டி, ஓடும் வள்ளத்தின் பின்னால் இழுப்பது இந்து சமுத்திரக் கரைகளில் பழைய வழக்கம். மாலைதீவு மீனவர் எதிர்முள் இல்லாத தூண்டிலை நீண்ட தடியில் கட்டிச் சூரையை வள்ளத்துக்குள் எறிவார்கள். சூரை வெறிகொண்டு பாயும் வேளையில் மினுங்குகிற எதையும் கவ்வும். கணவாய்க்கு யப்பானியர் மரத்தால் இறால் உருவம் செதுக்கி, வாலில் ஊசிக்கிரீடம் வைத்து ஆட்டுவார்கள். அந்தக் கருவியின் வழித்தோன்றல்கள்தான் இன்று எமது கடைகளில் துணி சுற்றித் தொங்குகின்றன.

மென்மையான பிளாஸ்ரிக் இரையோ அண்மைக் காலத்தது. பி.வி.சி. என்று நாம் அறிந்த பிளாஸ்ரிக் இயல்பில் விறைப்பானது. அமெரிக்காவின் அக்ரன் நகரில் இருந்த குட்ரிச் இறப்பர்க் கம்பனியில் வேலை செய்த வால்டோ சீமன் என்ற இரசாயன அறிஞர், 1926ஆம் ஆண்டில் அதை ஒருவகை எண்ணெய்ப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கி, இறப்பர்போல் வளையும்படி செய்தார். அதே அக்ரன் நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி கொஸ்மாவும் தமது வீட்டு அடுப்படியில் இந்தப் பொருளைக் காய்ச்சி, மண்புழு வடிவ அச்சில் வார்த்தார்கள். தபால்மூலம் விற்கத் தொடங்கிய அந்தப் புழு பின்னர் ஒரு தொழிற்சாலையாயிற்று. இன்று உலகெங்கும் விற்கும் இறப்பர் மீனும் இறப்பர் இறாலும் அந்த ஒரு சட்டியில் பிறந்தவை.

இந்தக் கதையைக் கேட்டு, அவர்கள் அடுப்படியில் செய்தார்களே, நாம் செய்தாலென்ன என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் காலத்தில் அந்தப் புகையின் கேடு அறியப்படவில்லை. இன்று அறிவோம். அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

மீன் ஏன் இந்தப் போலியைக் கவ்வுகிறது? மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைத் துப்புரவு செய்யும்போது கண்டிருப்பீர்கள். தண்ணீரின் அசைவை மீன் உணர்வது அதன் வழியேதான். காயப்பட்ட சிறுமீன் தடுமாறி நீந்தும் அதிர்வு எப்படியோ, அப்படி அசையும் எதையும் இரை தேடும் மீன் துரத்தும். கவ்வியபின் விறைப்பான பொருளென்றால் உடனே துப்பிவிடும்; தசைபோல மெதுவாக இருந்தால் ஒரு கணம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். அந்த ஒரு கணத்தில் நூலைச் சுண்டிவிட வேண்டும். எனவே, அழகிய கண்ணும் செதிலும் வரைவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அசைவும் மென்மையும் இருந்தால் போதும். நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: சிவப்பு, ஆழம் போகப் போக முதலில் மங்கும் நிறம். கரையோரத்தில் அது தெரியும், ஆழத்தில் கருமையாகிவிடும்.

நெருப்பில்லாத முதல் வழி: சீலாவுக்குக் குழாய்

எமது குடாக்களில் சீலா மீன் விரும்பித் தின்பவற்றுள் முரலும் ஒன்று. முரலின் வடிவம் என்ன? ஒரு சாண் நீளத்தில் மெலிந்த குழாய். ஆகவே ஒரு குழாய்த் துண்டே போதும். மேசன்மார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் தெளிவான மென்குழாயும், மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாயும் ஏற்கெனவே மென்மையாக்கப்பட்ட பிளாஸ்ரிக்தான். உருக்கவே வேண்டாம். வைத்தியசாலைக் கழிவிலிருந்து சேலைன் குழாய் பொறுக்கும் வேலையை மட்டும் எவரும் செய்ய வேண்டாம்; அதில் ஊசியும் நோயும் இருக்கும்.

குழாயில் ஒரு சாண் அளவுக்கு வெட்டுங்கள். ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் தடிப்பு நல்லது. வால் பக்கத்தைச் சாய்வாக, பேனை முனைபோல் சீவுங்கள். துருப்பிடிக்காத மெல்லிய கம்பி ஒன்றில் தூண்டிலைக் கட்டி, கம்பியைக் குழாயினுள்ளே வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கம் வரை கொண்டு வாருங்கள். தூண்டில், சீவிய நுனிக்கு இரண்டு விரற்கடை முன்னால் வெளியே தெரிய வேண்டும். குழாய்க்குள் பிஸ்கற் பொதியின் வெள்ளித்தாளை நீளமாகக் கிழித்துச் செருகினால் முரலின் மினுக்கம் வந்துவிடும். தலைப்பக்கத்தில் ஒரு சிறு நட்டைக் கோத்து, கம்பியை வளையமாக முறுக்கி முடியுங்கள். இனி முழுவதையும் விரல்களுக்கிடையில் வைத்துச் சற்று வளைத்து விடுங்கள். நேராக இருந்தால் அது வெறும் குழாய். இலேசாக வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழன்று சுழன்று ஓடும். அந்தச் சுழற்சியில்தான் சீலா ஏமாறும். சுழல்வதால் நூல் முறுகும். அதைத் தவிர்க்க இடையில் ஒரு சுழலும் வளையம் போட வேண்டும். கடையில் ‘சுவிவல்’ என்று கேளுங்கள். கம்பிக்குப் பதில் தங்கூசியை உள்ளே விட்டால் சீலாவின் பல் ஒரே கடியில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இதை மெதுவாக இழுத்தால் பயனில்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் எறிந்து, கைமாற்றிக் கைமாற்றி வேகமாக இழுக்க வேண்டும். வேகத்தைக் கண்டால் கட்டாவும் பாரையும்கூட வரும். மழைக்காலத்தில் மகாவலி கலங்கிக் குடாவுக்குள் இறங்கும் நாட்களில் இந்த மினுக்கம் எடுபடாது. அப்போது இயற்கை இரையே மேல். அல்லது வீட்டில் இருந்து வலை பொத்தலாம்.

இரண்டாம் வழி: விராலுக்குச் செருப்புத் தவளை

கடலைவிடக் குளத்தை அறிந்தவர்கள் எமது மக்கள். சிறு தவளையைத் தூண்டிலில் குத்தி, தாமரை இலைகளுக்கு நடுவே தத்த விட்டு விரால் பிடித்த அனுபவம் வயலூர்களில் அநேகருக்கு உண்டு. அதைப் போலியாகச் செய்ய, தேய்ந்துபோன ஒரு இறப்பர்ச் செருப்பு போதும். பஞ்சுபோன்ற அடியுள்ள செருப்பாக இருக்கட்டும், அது மிதக்கும்.

பெருவிரல் நீளத்துக்குத் தவளையின் உடல் வடிவில் சவர அலகால் வெட்டி, விளிம்புகளை உருட்டிவிடுங்கள். அடிப்பக்கத்தில் கீறி, தூண்டிலின் தண்டை உள்ளே அமுக்கி, நூலால் சுற்றிக் கட்டிப் பசை விடுங்கள். தூண்டிலின் கூர் மேல்நோக்கி, தவளையின் முதுகோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் முதல் எறிவிலேயே தாமரைத் தண்டில் மாட்டும். கால்களுக்குச் சைக்கிள் ரியூப்பில் மெல்லிய இரண்டு நாடா வெட்டிக் கட்டுங்கள். எறிந்து, இரண்டு இழுப்பு இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி இழுங்கள். விரால் மேலெழுந்து கவ்வும் சத்தம் கேட்டதும் சுண்டாதீர்கள். தவளையைக் கொண்டு அது கீழே இறங்கட்டும். அதன்பின் சுண்டுங்கள். அவசரப்பட்டவர் கைக்கு வெறும் செருப்புத் துண்டே திரும்பும்.

ஒரு கட்டுப்பாடு. செந்நிறத்தில் கூட்டமாகக் குஞ்சுகள் மேலெழுந்து மேய்வதைக் கண்டால், அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்த இடத்தில் தவளையைப் போட்டால் விரால் நிச்சயம் பாயும், பசியால் அன்று, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு உணவாகும். விதைநெல் கதைதான் இதுவும்.

1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளங்களிலும் நிறைந்துள்ள திலாப்பியா பெரும்பாலும் பாசி தின்னும் மீன். அதற்காகப் போலி இரை செய்வது வீண். குளத்தில் இறங்குமுன் அந்தக் குளத்து மீனவர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குஞ்சு விட்டு வளர்ப்பவர்கள் அவர்கள்.

உருக்கி வார்ப்பது: அறிந்து செய்வோருக்கு மட்டும்

மேற்சொன்ன இரண்டும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பதே எமது எண்ணம். ஆயினும் இளைஞர்கள் வால் ஆட்டும் இறப்பர் மீனைத்தான் வார்க்க விரும்புகிறார்கள். எனவே அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எதை உருக்கக் கூடாது என்பதை முதலில் மனதில் பதியுங்கள். செருப்பு உருகி ஓடாது. கருகி நச்சுப் புகை விடும். தண்ணீர்க் குழாயாக வரும் விறைப்பான பி.வி.சி. உருகுமுன் சிதையத் தொடங்கும். அதிலே ஈயச் சேர்மங்களும் கலந்திருக்கக்கூடும். மின்கம்பியின் உறையும் அவ்வாறே. பி.வி.சி. அளவுமீறிச் சூடேறினால் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தைத் தொட்டவுடன் ஐதரோகுளோரிக் அமிலமாகிறது. கடைகளில் கழிவறை கழுவ விற்கும் அதே அமிலம். பிளாஸ்ரிக்கை எரித்துவிட்டாலோ டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். துணியை மூக்கில் கட்டுவது தூசியைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேற்று எண்ணெய்களைப் பற்றியும் அறிய வேண்டும். அவற்றில் சில குழந்தைகளின் உடல் வளர்ச்சியைக் குழப்பும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சிறுவர் விளையாட்டுப் பொருட்களில் அவற்றைத் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் தடுத்தது. ஆகவே உருக்கிய பாத்திரம் மீண்டும் அடுப்படிக்குப் போகவே கூடாது. போலி இரையைப் பிள்ளைகள் வாயில் வைக்கவும் கூடாது. பார்ப்பதற்கு அது இனிப்புப் போலவே இருக்கும்.

உருக்கத்தக்கது, மென்மையான பி.வி.சி.யால் செய்த பழைய போலி இரைதான். மீன் கடித்துக் கிழிந்தவற்றை எறியாமல் சேர்த்தால் ஒரு கரையில் ஒரு மாதத்துக்குள் ஒரு பேணி சேரும். நல்ல நீரில் கழுவி, உப்பை நீக்கி, தூண்டிலையும் ஈயத்தையும் களைந்து, இரண்டு நாள் உலர்த்துங்கள். வெகுவாக இழுபடும் ஒருவகைப் புதிய இரைகள் வேறு பொருளால் ஆனவை. அவற்றைத் தனியே வையுங்கள். கலந்தால் ஒன்றோடொன்று இளகிக் கூழாகும்.

அச்சுக்கு ‘பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ்’ என்னும் வெள்ளைச் சாந்து. இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தண்ணீர். ஆழமற்ற ஒரு தட்டில் ஊற்றி, அது இறுகத் தொடங்குமுன் தேங்காயெண்ணெய் பூசிய மாதிரி மீனை அரைவாசி ஆழத்துக்கு அமுக்கி வையுங்கள். அரை மணியில் இறுகும். மாதிரியை எடுத்துவிட்டு, அச்சை நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். இந்த நான்கைந்து நாளைக் குறைக்க முயல வேண்டாம். அச்சில் ஈரம் இருந்தால் கொதிக்கும் பிளாஸ்ரிக் பட்டதும் அது ஆவியாகி, முகத்துக்குத் தெறிக்கும். காய்ந்தபின் வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து இரண்டு மூன்று முறை பூசி மறுபடியும் காய விட்டால் மேற்பரப்பு வழுவழுப்பாகும்; வார்த்தது ஒட்டாமல் கழன்று வரும்.

இனி சூடு. மென் பி.வி.சி. இளகி ஊற்றத்தக்க பதம் 165 முதல் 175 பாகை செல்சியஸ். 200ஐ அணுகினால் மஞ்சளாகும், பின் தவிட்டு நிறமாகும், கண் எரியும். அந்தச் சிறிய இடைவெளியே உங்கள் பாதுகாப்பு. நேரடியாகச் சுவாலையில் பேணியை வைத்தால் அடி கருகும்போது மேல் இன்னும் கட்டியாகவே கிடக்கும். கச்சான் வறுப்பவர்களைப் பாருங்கள். கச்சானை அவர்கள் நெருப்பில் போடுவதில்லை, மணலில் போடுகிறார்கள். அதுபோல, இதற்கென்றே ஒதுக்கிய ஒரு தாச்சியில் காய்ந்த மணலைச் சூடாக்கி, அந்த மணலுக்குள் பேணியைப் புதைத்து வைத்தால் சூடு சீராகப் பரவும். ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு மேல் ஒரே தடவையில் போட வேண்டாம். காய்ந்த உலோகக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருங்கள். பாகு காய்ச்சுவோர் பாவிக்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் தொடங்காதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டு வந்துவிடவும் வேண்டாம், அது வெடித்து இரசம் சிந்தும்.

கட்டிகள் கரைந்து தேன்போல் ஓடும்போது, வால் போன்ற மெல்லிய பாகத்தை முதலில் நிரப்பி, நூல்போல் ஊற்றி உடலுக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் கழற்றலாம். கழற்றியதை மட்டமான பலகையில் நேராகக் கிடத்துங்கள். வளைந்து ஆறினால் வளைந்தே நீந்தும். ஒரே பொருளை இரண்டு மூன்று முறைக்கு மேல் உருக்கினால் நிறமும் மென்மையும் கெடும்.

இவையனைத்தும் முற்றத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச, சிறுவரும் கர்ப்பிணிகளும் அருகில் இல்லாத நேரத்தில். முழுக்கைச் சட்டையும் சப்பாத்தும் அணிந்து, கை உலர்ந்திருக்க வேண்டும். மழை தூறும் நாளில் வேண்டவே வேண்டாம். ஒரு துளி பேணியில் விழுந்தாலும் சீறித் தெறிக்கும். எனினும் ஒரு வாளித் தண்ணீர் பத்தடி தள்ளி இருக்கட்டும். தோலில் பட்டுவிட்டால் உடனே இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் பிடித்துக்கொண்டு, ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிய்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பற்பசையும் எண்ணெயும் பூச வேண்டாம். கண் எரிந்தாலோ கார மணம் எழுந்தாலோ பேணியைக் குறட்டால் மணலிலிருந்து தூக்கி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குனிந்து பார்க்காதீர்கள்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தாச்சி, ஒரு வெப்பமானி, நாலைந்து அச்சு என்று பொதுவில் வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு நாள் வார்ப்பது போதும். வீட்டுக்கு வீடு செய்யத் தேவையே இல்லை.

ஈயமும் பேத்தையும்

தூண்டில் பாரத்துக்கு ஈயம் உருக்குவது எமது கரைகளில் சாதாரண காட்சி. 327 பாகையில் உருகும் ஈயத்தின் ஆவியும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய நட்டும் ஆணியும், சுழி விழுந்த கூழாங்கல்லும் அதே வேலையைச் செய்யும்.

வாலை யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியதுபோல் போலி இரை திரும்பி வந்தால், கீழே பேத்தை நிற்கிறதென்று அறியுங்கள். கடலுக்குப் புதியவர்கள் இந்த மீனைக் கட்டாயம் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தூக்கியதும் பந்துபோல் வயிற்றை ஊதும்; கிளியலகு போன்ற பல். அதன் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. நாய்க்கும் கோழிக்கும்கூடப் போட வேண்டாம்.

அறுந்த போலி இரையைக் கடலில் விடுவதும் சிறு காரியமன்று. மீன் விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். எமது பங்கைக் கிழக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

விற்கலாமா?

இது அடிக்கடி வரும் கேள்வி. சுயதொழில் என்ற பெயரில் எமது பெண்களுக்கு எத்தனையோ பயிற்சிகள் வந்து போயின. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பொருளை வாங்க ஆளில்லை. போலி இரையும் அந்த வரிசையில் சேரக்கூடாது என்று விரும்புகிறோம். தொழிற்சாலையில் இயந்திரம் வார்க்கும் இறப்பர் மீனோடு முற்றத்தில் வார்த்தது விலையில் போட்டியிட முடியாது. இதற்கென்று ஒரு ரூபாவும் கடன் எடுக்காதீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் நுண்கடன் பொறியில் அகப்பட்டு, அரசாங்கமே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததை மறக்கலாகாது. இரைக்குப் போகும் காசை மிச்சம் பிடிப்பதே இதிலுள்ள இலாபம். அக்கம்பக்கத்தாருக்குக் குழாய் இரை நாலைந்து கட்டிக் கொடுத்து ஒரு கொத்து அரிசி வந்தால், வரட்டும்.

கடற்றொழிலாளர் மனதையும் நாம் எண்ண வேண்டும். போர்க்காலத்தில் அனுமதிச்சீட்டுக்கும் இரவுத்தடைக்கும் நடுவே அந்தக் கடலை விடாமல் பிடித்து நின்றவர்கள் அவர்கள். கரைவலை இழுக்கும் பாட்டில் நின்று தூண்டில் எறிந்தால் சச்சரவு வரும். அவர்கள் வலை வளைக்கும் நேரத்தைக் கேட்டறிந்து ஒதுங்கி நில்லுங்கள். கடற்படை எல்லைக்குள் போக வேண்டாம். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடைசெய்கிறது. வெடியில் செத்த மீனைப் பொறுக்கப் போகிறவரும் சிக்கிக்கொள்வார்.

செய்து முடித்த மென் இரைகளை விறைப்பான பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டால் சில வாரத்தில் பெட்டியையே இளக்கி ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் பையில் சிறிது உப்புத்தூள் தூவி, வளையாமல் நேராக அடுக்கி, வெயில் படாத இடத்தில் தொங்க விடுங்கள். பை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழாய் இரையை மட்டும் ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசி, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் தொங்கவிட்டால் போதும். கம்பி கறுத்திருந்தால் குழாயை வைத்துக்கொண்டு கம்பியை மாற்றுங்கள்.